லத்தீன் மாணவரும் கிரேக்க எழுத்தும்

அமெரிக்கக் கல்லூரிகளில் சகோதரக் கழகங்கள் என்று உண்டு. கிரேக்க எழுத்து இரண்டு மூன்றைக் கோத்துப் பெயர் சூட்டிக்கொள்ளும். மறைவான சடங்கு செய்து உறுப்பினரைச் சேர்க்கும். லத்தீன் அமெரிக்க மாணவர்க்கென்றே தனிக் கழகங்கள் இருப்பதைக் கண்டு, "கல்விக்கூடத்திலும் பிரிவினையா?" என்று முகம் சுளிப்பாருண்டு. அவை பிறந்த கதை அறிந்தவர் அப்படிக் கேட்கமாட்டார் என்பது என் துணிபு.

1898-ஆம் ஆண்டில், நியூயார்க் மாநிலத்து டிராய் நகரில் உள்ள ரென்ஸலேர் தொழிற்கல்லூரியில், லத்தீன் அமெரிக்க மாணவர் சிலர் ஒரு சங்கம் கண்டனர். படித்து முடித்துத் தாயகம் திரும்ப வந்தவர்கள் அவர்கள். ஊரிலே கியூபாக்காரர் கியூபாக்காரராகவும், பெருநாட்டார் பெருநாட்டாராகவுமே இருந்திருப்பர். நாம் ஒரே குடும்பம் என்ற எண்ணம் தழைத்தது அயல்நாட்டுக் குளிரில்! (நெல்லையும் கோவையும் நம் சங்க அறையில் உறவான கதை நமக்குத் தெரியாததா?) இத்தகைய சங்கங்களும், லூசியானாவில் தோன்றிய 'சிக்மா அயோட்டா'வும் இணைந்து, 1931 டிசம்பரில் 'ஃபை அயோட்டா ஆல்ஃபா' உருவாயிற்று. பொலிவார் கனவு கண்ட கண்டத்து ஒற்றுமையே அதன் இலட்சியம்.

அக்காலத்து அமெரிக்கக் கழகங்கள் பலவற்றில் வெள்ளையர்க்கும் கிறிஸ்தவர்க்கும் மட்டுமே இடம் என்று விதியே இருந்தது. பிரிவினையைத் தொடங்கி வைத்தவர் யார்?

1975 டிசம்பரில் நியூஜெர்சியின் கீன் கல்லூரியில் 'லாம்டா தீட்டா ஃபை' பிறந்தது. அதே ஆண்டில், அதே கல்லூரியில், மாணவியர்க்கு 'லாம்டா தீட்டா ஆல்ஃபா'. இந்தத் தலைமுறையின் நிலை வேறு. குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். புவெர்ட்டோ ரிக்கோ மக்களோ 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள். பட்டம் பெற்றபின் கப்பலேறிப் போக இவர்களுக்கு வேறொரு நாடு இல்லை. இருக்கும் நாடோ விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தது. முன்னோர் சங்கம் கண்டது ஊர் நினைவுக்காக. இவர்கள் கண்டது உரிமைக்காக. எனவே இவர்கள் பக்கமே நியாயம் மிகுதி என்பேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கதவைச் சாத்தியவர் வீட்டைப் போலவே தாமும் ஒரு வீடு கட்டி, கிரேக்கப் பெயர்ப்பலகையையும் மாட்டிக்கொண்டார்களே! 1898-இல் அந்த முதற் சங்கத்துக்கு வைத்த பெயர் நல்ல ஸ்பானியப் பெயர்: 'யூனியன் இஸ்பானோ அமெரிக்கானா'. அதை ஏன் கைவிட்டார்கள்?