விருந்தாளியா, வீட்டுப் பிள்ளையா?

வெளிநாட்டில் ஓராண்டு படித்தவர் என்று ஒருவரை அறிமுகப்படுத்தினால் நாம் உடனே கேட்கும் கேள்வி எது? "என்னென்ன பார்த்தீர்கள்?" என்பதுதான். எங்கள் விடுதியில் பக்கத்து அறை நண்பரையும் அப்படித்தான் கேட்டோம். அவர் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பதினாறாம் வயதில் அமெரிக்கா சென்று, ஒரு சிற்றூரில், முன்பின் அறியாத ஒரு குடும்பத்தில் பத்து மாதம் வாழ்ந்து திரும்பியவர். நயாகரா அருவி, சுதந்திர தேவி சிலை என்று ஏதேனும் சொல்வார் என எதிர்பார்த்தோம். அவரோ, "முதல் வாரம் முழுதும் அரைப்பசியோடு படுத்தேன்" என்றார்.

காரணம் வேடிக்கையானது. இரவு உணவின்போது அந்த வீட்டு அம்மையார், "இன்னும் கொஞ்சம் வேண்டுமா?" என்று கேட்பார். நம் நண்பர் நம் ஊர் வழக்கப்படி, "வேண்டாம்" என்பார். நம் வீடுகளில் அந்த 'வேண்டாம்' உபசாரத்தின் தொடக்கம்; இரண்டாம் முறை கேட்பார்கள்; மூன்றாம் முறை கேளாமலே இலையில் விழும். அங்கேயோ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும். பிள்ளையின் சொல்லை மதித்தார்கள். பிள்ளை பட்டினி கிடந்தது! எட்டாம் நாள், "ஆம், வேண்டும்" என்று வாய் திறந்து சொன்னார். அவர் கற்ற முதற்பாடம் அதுவே.

நயாகராவை நூறு படங்களில் பார்த்துவிடலாம். இந்தப் பாடத்தை எந்தப் படத்தில் பார்ப்பது?

இத்தகைய திட்டங்கள் சுற்றுலாவுக்காகப் பிறந்தவை அல்ல. போரின் புண்ணிலிருந்து பிறந்தவை. 1915-இல், முதல் உலகப் போரின் நடுவே, காயமுற்ற வீரர்களைத் தூக்கிச் செல்ல அமெரிக்கத் தொண்டர்கள் பிரான்சில் ஓர் ஆம்புலன்சு அணி அமைத்தனர். 'அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்' என்பது அதன் பெயர். இரண்டாம் போரிலும் அவ்வணி பணிபுரிந்தது. இரண்டு போர்களின் குருதியையும் கண்டவர்கள், போர் முடிந்ததும் ஸ்டீபன் கலாட்டி என்பவரின் தலைமையில் வேறு வேலையை மேற்கொண்டனர். 1947-இல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்களை அமெரிக்கக் குடும்பங்களோடு வாழ அழைத்தனர். 1951-இல் வேறொரு முயற்சியால் 75 ஜெர்மன் இளைஞர்கள் மிச்சிகன் மாநிலத்து வீடுகளுக்கு வந்தனர். எண்ணிப் பாருங்கள்! ஆறே ஆண்டுகளுக்கு முன்பு எந்த நாட்டோடு போரிட்டார்களோ, அந்த நாட்டுப் பிள்ளைக்குத் தம் வீட்டில் ஒரு கட்டிலும் ஒரு தட்டும் ஒதுக்கினார்கள்.

2001 செப்டம்பர் 11-க்குப் பின்னும் இதுவே நடந்தது. மறு ஆண்டு, 2002-இல், முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பள்ளி மாணவர்களை அமெரிக்க வீடுகளுக்கு அழைக்கும் கென்னடி – லூகர் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் இந்திய மாணவர்களும் சென்று வந்திருக்கிறார்கள். அச்சம் மிகுந்த போதெல்லாம் அறிவுடையோர் கதவைச் சாத்தவில்லை, திறந்தார்கள்.

ஏன் விடுதியில் வைக்காமல் வீட்டில் வைத்தார்கள்? இங்கேதான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. அமெரிக்காவில், 15 வயது முதல் பதினெட்டரை வயது வரையுள்ள இப்பிள்ளைகளை ஏற்கும் குடும்பத்துக்கு அதற்கென ஊதியம் கிடையாது. பணம் வாங்கினால் அது சத்திரம், வாங்காவிட்டால் வீடு. வீடென்றால் வேலையும் உண்டு. நம் நண்பர் வாரந்தோறும் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் கொண்டுபோய் வைத்தார்; பனி பெய்த காலையில் வாசலில் பனியை வாரிக் கொட்டினார்; இரவில் எச்சில் தட்டுகளைக் கழுவினார். சொந்த வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூட எடுத்து வைத்தறியாத பிள்ளை!

அமெரிக்காவில் மட்டுமன்று. ஜப்பானுக்குச் செல்லும் மாணவன், வகுப்பறையை மாணவர்களே பெருக்கித் துடைப்பதைக் காண்கிறான். அவன் கையிலும் துணி வருகிறது. வீட்டிலோ, உடம்பை வெளியிலேயே நன்கு கழுவிக்கொண்டு பிறகுதான் வெந்நீர்த் தொட்டியில் இறங்கவேண்டும். குடும்பம் முழுதும் ஒருவர்பின் ஒருவராக அதே நீரில் அமர்வார்கள். இதை அறியாமல் குளித்துமுடித்துத் தொட்டியைத் திறந்துவிட்டால் வீட்டார் அனைவரின் குளியலும் போயிற்று! இந்தச் சிறு தவறுகளும், அவற்றைச் சிரித்து மன்னிக்கும் முகங்களும்தாம் பாடம்.

எல்லாம் இனிமை என்று நான் சொல்லவரவில்லை. தனியறையில் அழுது கழித்த இரவுகள் உண்டு என்று நண்பரே சொன்னார். குடும்பத்தோடு ஒத்துப்போகாமல் வேறு வீட்டுக்கு மாறும் பிள்ளைகளும் உண்டு. எல்லாவற்றினும் பெரிய குறை பணம். உதவித்தொகை சிலருக்கே கிடைக்கும். மற்றவர்க்குச் செலவு பெரிது. வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளே உலகைப் படிக்கலாம் என்றால் அது நியாயமன்று. உதவித்தொகைகள் பெருகவேண்டும், மாவட்டப் பள்ளிகளின் மாணவர்களையும் எட்டவேண்டும்.

திரும்பி வந்த நண்பருக்கு இன்னொரு பாடம் காத்திருந்தது. தாய் காப்பி கொடுத்ததும் அவர் பழக்கத்தில் "நன்றி அம்மா" என்றார். அம்மாவின் முகம் வாடிவிட்டது. "என்னடா, யாரோ போலப் பேசுகிறாய்?" என்றார். அன்றிலிருந்து நன்றியை வாயால் சொல்வதை விட்டார். ஆனால் குடித்த டம்ளரைத் தாமே கழுவி வைக்கிறார். அம்மாவுக்கு அந்த நன்றி பிடித்திருக்கிறதாம்!

தோழர்களே, இனி நம்மைப் பற்றி ஒரு சொல். நாமும் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள்தாம். இரண்டு இரவு ரயிலில் கடந்து இந்த டில்லிக்கு வந்து மூன்றாண்டு ஆயிற்று. செங்கோட்டை பார்த்தோம், தாஜ்மகால் பார்த்தோம். ஆனால், உடன் படிக்கும் பஞ்சாபி நண்பனின் வீட்டு அடுக்களையில் ஒருநாளேனும் நின்றிருக்கிறோமா? வங்கத் தோழன் ஒருவனை நம் ஊருக்கு அழைத்துச் சென்று திண்ணையில் படுக்க வைத்திருக்கிறோமா? தமிழர் தமிழரோடே உண்டு, தமிழர் தமிழரோடே பேசி, பட்டம் வாங்கித் திரும்புகிறோம். பதினாறு வயதுப் பிள்ளை தன்னந்தனியாகக் கடல் கடந்து செய்ததை, இருபது வயதில் கூட்டமாக இருந்தும் நாம் செய்யவில்லை.

சங்கம் வேண்டாம் என்று சொல்லேன். சங்கம் நம் வீடு. வீடென்றால் அதற்கு வாசல் வேண்டும். இவ்வாண்டுப் பொங்கல் விழாவுக்கு நம்மில் ஒவ்வொருவரும் தமிழர் அல்லாத ஒரு தோழரை அழைத்து வருவோம். நாற்காலியில் உட்காரவைத்து நிகழ்ச்சி காட்ட அன்று, நம்மோடு அரிசி களைந்து கரும்பு நறுக்க. அடுத்த விடுமுறையில் அவர்கள் வீட்டுக்கு நாம் செல்வோம். இதற்கு விமானச் சீட்டு வேண்டியதில்லை, உதவித்தொகையும் வேண்டியதில்லை.

பசியோடு படுக்க நேருமோ என்ற அச்சமும் வேண்டாம். இங்குள்ள வீடுகளில், "வேண்டாம்" என்று எத்தனை முறை சொன்னாலும் தட்டில் இன்னொரு ரொட்டி விழுந்தே தீரும்!