மூலநிரல் இருக்கிறது, ரேம் இல்லை

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை எழுதத் தொடங்கியது, 4 எம்பி ரேம் கொண்ட 386 கணினியில். எழுதியதைத் தன் மேசையிலேயே கம்பைல் செய்து, அதாவது கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றி, அங்கேயே ஓட்டிப் பார்த்தார். இன்று ஆண்ட்ராய்டு முழுவதையும் கம்பைல் செய்யக் குறைந்தது 64 ஜிபி ரேம் வேண்டும் என்கிறது அதன் வழிகாட்டி. குரோமியம் உலாவிக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி; 16 ஜிபிக்கு மேல் இருப்பதே நல்லது. பழைய 4 ஜிபி கணினி வைத்திருக்கும் மாணவருக்கும் இந்த மூலநிரல்கள் இலவசம்தான். ஆனால், அவற்றில் ஒரு வரியை மாற்றி ஓட்டிப் பார்க்க அவரால் முடிவதில்லை.

சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. சி++ மொழியில் ஒவ்வொரு கோப்பும் நூற்றுக்கணக்கான தலைப்புக் கோப்புகளை இழுத்துக்கொண்டு வருகிறது. செயலியில் எட்டு கோர்கள் இருந்தால் எட்டு கம்பைலர்களாவது ஒரே நேரத்தில் ஓடி, ரேமைப் பங்குபோடுகின்றன. கம்பைலான துண்டுகளை இணைக்கக் கடைசியில் வரும் லிங்கரோ, அவை எல்லாவற்றையும் மொத்தமாகக் கையில் எடுக்கிறது. ரேம் தீர்ந்ததும், வட்டையே ரேம்போலப் பயன்படுத்தும் ஸ்வாப் தொடங்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் கணினியே உறைந்துவிடும். பிறகு லினக்ஸ் கர்னல் கம்பைலரைக் கொன்றுவிடும். புதிதாகக் கற்பவரோ, தன் நிரலில்தான் பிழை என்று நினைத்துக்கொள்வார்.

பெரிய நிறுவனங்களும் இந்தச் சுவரில் மோதியிருக்கின்றன. 2011 டிசம்பரில், விண்டோஸுக்கான 32-பிட் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும்போது லிங்கர் 3 ஜிபி நினைவக எல்லையைத் தொட்டுவிட்டது. அந்த உலாவியை உருவாக்கும் மொசில்லா, புதிய மாற்றங்களை ஏற்பதையே நிறுத்திவைக்க நேர்ந்தது.

தனிமனிதர் செய்யக்கூடியவை உண்டு. ஒரே நேரத்தில் ஓடும் பணிகளை ஒன்றாகவோ இரண்டாகவோ குறைக்கலாம்; ஒரு மணி நேர வேலை ஓர் இரவு பிடித்தாலும் முடிந்துவிடும். பிழைதிருத்தத் தகவல்களைக் குறைக்கலாம், ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கிவைக்கும் இசட்ரேமைப் பயன்படுத்தலாம். ஆனால், லிங்கர் ஒன்றே 10 ஜிபி கேட்டால் பொறுமையால் பயனில்லை.

ஆகவே, பொறுப்பு திட்டங்களை நடத்துபவர்களுடையது. கம்பைலர்களுக்கான எல்எல்விஎம் திட்டம், லிங்க் பணிகளின் எண்ணிக்கையை மட்டும் தனியாகக் கட்டுப்படுத்த வழி வைத்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் முகப்பை மட்டும் மாற்றுபவர், சி++ பகுதியை ஆயத்தமாகத் தரவிறக்கிக்கொள்ள மொசில்லா உதவுகிறது. இவை விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாக வேண்டும்.

'மேகக் கணினியை வாடகைக்கு எடுக்கட்டுமே' என்பார்கள். மாதக் கட்டணமும் தடையற்ற இணையமும் இருப்பவருக்கே அந்த வழி. கட்டற்ற மென்பொருள் இயக்கம் மாற்றும் உரிமையை அடிப்படைச் சுதந்திரமாக வைத்தது. வாடகை கட்ட முடிந்தவருக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை.

ஒவ்வொரு திட்டமும் தன் நிரலை 8 ஜிபி கணினியில் தொடர்ந்து கம்பைல் செய்து பார்க்க வேண்டும். ஒரு மாற்றத்தால் அங்கே ரேம் போதாமல்போனால், அதையும் பிழை என்றே பதிவுசெய்து திருத்த வேண்டும். நாளை இந்த நிரல்களைப் பராமரிக்கப்போகிறவர்களில் பலர், இன்று பழைய கணினியின் முன்னால்தான் அமர்ந்திருக்கிறார்கள்.