தேவதைகள் குடித்தது போக...

பெங்களூரில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். பாங்கில் முப்பத்தைந்து வருடம் லெட்ஜர் பார்த்து ரிடையர் ஆனவர். எதைப் பார்த்தாலும் முதலில் சந்தேகப்படுவது உத்தியோகம் கொடுத்த வியாதி. போன தடவை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது மாமா பையன் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தான். லேபிளில் 'அம்ருத் நாரங்கி'. சிங்கிள் மால்ட் விஸ்கி.

மாமா மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார்.

"ஆரஞ்சு வாசனை அடிக்குதேடா. எசன்ஸ் ஊத்திட்டான்!"

"இல்லப்பா, அது பீப்பாயிலேர்ந்து வர்ற வாசனை."

"பீப்பாயை என்ன ஆரஞ்சு மரத்துலயா செஞ்சான்? மாப்ளே, நீ சொல்லு!"

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று இன்னமும் நம்புகிற வீடு. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, ஊருக்குத் திரும்பியதும் உட்கார்ந்து படித்தேன். (குடித்ததைவிடப் படித்தது அதிகம் என்பதை வீட்டம்மா கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.)

விஷயம் இதுதான். பார்லியை முளைகட்டி, புளிக்கவைத்து, காய்ச்சி இறக்கும்போது விஸ்கி பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கிறது. அந்தப் பொன்னிறமும், வாசனையில் பெரும்பகுதியும் பிறகு ஓக் மரப் பீப்பாயில் படுத்துக் கிடக்கும் வருடங்களில் வருபவை. பீப்பாயின் உள்பக்கத்தை நெருப்பில் வாட்டுகிறார்கள். வாட்டின மரத்திலிருந்து வெனிலா வாசனை, ஓக்குக்கே உரிய லேசான தேங்காய் வாசனை எல்லாம் இறங்குகின்றன. வெயிலில் சரக்கு விரிந்து மரத்துக்குள் புகும். குளிரில் சுருங்கி வெளியே வரும். வரும்போது மரத்தில் என்ன இருக்கிறதோ அதையும் கூட்டிக்கொண்டு வரும்.

இங்கேதான் தந்திரம். மரத்தில் வேறு எதையாவது முன்கூட்டியே குடிக்க வைத்துவிட்டால்?

நம் வீட்டு ஊறுகாய் ஜாடிதான் கதை. பாட்டி காலத்து ஜாடியை எத்தனை தடவை கழுவினாலும் அதில் வைக்கிற உப்பில் மாங்காய் வாசனை வரும். அமெரிக்காவில் போர்பன் விஸ்கிக்குப் புதுப் பீப்பாய்தான் உபயோகிக்க வேண்டும் என்று சட்டம். ஒரு தடவை உபயோகித்த பீப்பாய்கள் உலகமெங்கும் செகண்ட் ஹாண்டில் போகின்றன. ஸ்பெயினிலிருந்து ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்கள் வருகின்றன. ஒரு பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியை எடுத்து, கடைசிக் கட்டத்தில் இன்னொரு பீப்பாய்க்கு மாற்றி வைப்பதற்கு 'ஃபினிஷிங்' என்று பெயர். கல்யாணப் பெண்ணுக்குக் கடைசியில் பூ வைக்கிற மாதிரி.

அம்ருத்காரர்கள் செய்தது இதில் ஒரு படி மேலே. ஒலரோசோ ஷெர்ரி பீப்பாய்க்குள் ஒயினையும் ஆரஞ்சுத் தோலையும் போட்டு ஊறவைத்தார்கள். ஆரஞ்சுத் தோலின் வாசனை எண்ணெய் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். ஒயினில் கரைந்து மரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு அத்தனையையும் காலி செய்துவிட்டு, ஏற்கெனவே சில வருடம் முதிர்ந்த விஸ்கியை அதே பீப்பாயில் ஊற்றி, மறுபடி வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆக, விஸ்கி ஆரஞ்சைப் பார்த்ததே இல்லை. ஆரஞ்சு குடியிருந்து காலி செய்த வீட்டில் வாடகைக்கு இருந்தது, அவ்வளவுதான்.

தோலை நேரே விஸ்கியில் போட்டிருந்தால்? கசப்பும் சேர்ந்து இறங்கி, பார்லி இருந்த இடம் தெரியாமல் ஆரஞ்சே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்.

இதில் எனக்குப் பிடித்த சமாசாரம் அந்தப் பெயர். நாரங்கி என்றால் ஆரஞ்சு. சம்ஸ்கிருத நாரங்கம், பாரசீக நாரங், அரபி நாரஞ், ஸ்பானிஷ் நரஞ்ஹா, கடைசியில் இங்கிலீஷ் ஆரஞ்ச். இந்த ஊர்வலத்தின் ஆரம்பம், நம் நாரத்தங்காய்க்கு உறவான ஒரு திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்பது மொழி ஆராய்ச்சிக்காரர்கள் பலரின் கருத்து. ஆக, இங்கிருந்து புறப்பட்ட வார்த்தை ஸ்பெயினுக்குப் போய், ஸ்பெயின் பீப்பாயில் மறுபடி பெங்களூர் வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். பி.காம். படித்ததற்கு இதிலாவது பிரயோஜனம் உண்டா பார்ப்போம். பீப்பாயிலிருந்து வருடா வருடம் கொஞ்சம் ஆவியாகிப் போகும். அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்து தேவதைகள் அடக்கமானவர்கள். வருடத்துக்கு 2 சதவீதம் போதும். பெங்களூர் உஷ்ணத்தில் சுமார் 10 சதவீதம், சில வருடம் அதற்கும் மேலே. தேய்மானக் கணக்கில் 'ரிட்டன் டவுன் வேல்யூ' முறை ஞாபகம் இருக்கிறதா? அதில் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் பீப்பாயில் பத்து வருடம் கழித்து ஸ்காட்லாந்தில் சுமார் 163 லிட்டர் மிஞ்சும். பெங்களூரில் சுமார் 70. அதனால்தான் நம்மூர் சிங்கிள் மால்ட்கள் பன்னிரண்டு, பதினெட்டு என்று வயசு பேசுவது அபூர்வம். வெயில் மரத்தோடு வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்கிறது, அதற்குக் கூலியையும் எடுத்துக்கொள்கிறது.

ஸ்காட்லாந்தில் இந்த ஆரஞ்சு வித்தை நடக்காது. அங்கே 2009ல் வந்த சட்டப்படி விஸ்கியில் தண்ணீரும், நிறத்துக்குச் சாதாரண கேரமலும் தவிர வேறு எதுவும் சேர்க்கக் கூடாது. 2019ல் பீப்பாய் விதியைத் தளர்த்தினார்கள். அப்போதும், பின்னால் பழமோ வாசனையோ சேர்த்த மது இருந்த பீப்பாய் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 2005ல் காம்பஸ் பாக்ஸ் என்ற கம்பெனி பீப்பாய்க்குள் புது ஓக் பலகைகளைப் பொருத்தி 'ஸ்பைஸ் ட்ரீ' என்று ஒரு விஸ்கி தயாரித்தது. ஆரஞ்சு கூட இல்லை, வெறும் பலகை! அதற்கே ஸ்காட்ச் விஸ்கி சங்கம் போர்க்கொடி தூக்கி நிறுத்த வைத்தது. பிறகு பீப்பாயின் இரண்டு பக்க மூடிகளை மட்டும் புது மரத்தில் போட்டு, 2009ல் அது திரும்பி வந்தது.

நமக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2022ல் ராஜஸ்தானிலிருந்து வந்த 'கோடாவன்' விஸ்கிக்கு ஜடாமாஞ்சி, ராஸ்னா என்று நாட்டு மருந்துக் கடைச் சாமான்களைப் பீப்பாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். ஜடாமாஞ்சி கூந்தல் தைலத்தில் போடுவது. ராஸ்னாதி பொடி குளித்ததும் உச்சியில் வைப்பது. தலைக்குத் தேய்த்தது போய், இப்போது தலைக்கு ஏறுகிறது!

அப்படியானால் மாமா கேட்டதற்கு என்ன பதில்? இது ஏமாற்றா?

நம் நாட்டில் விஸ்கி என்ற பெயரில் மலிவாக விற்பதில் கணிசமானது, சர்க்கரை ஆலையின் மொலாசஸிலிருந்து காய்ச்சிய சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. கொஞ்சம் மால்ட், கொஞ்சம் கலர், வாசனை. ஐரோப்பாவில் தானியத்திலிருந்து வராததை விஸ்கி என்றே விற்க முடியாது. ஆனால் நம்மூர் லேபிளில் கோட்டை என்ன, கொம்பு வைத்த மான் என்ன, ஸ்காட்லாந்தையே ஒட்டியிருப்பார்கள். கரும்பு மட்டும் கண்ணில் படாது. முதல் சம்பளத்தில் நண்பர்களுக்கு 'ட்ரீட்' கொடுக்கிற பையன், அந்த மானைப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறான்.

நாரங்கிக்காரர் ஆரஞ்சை லேபிளில் பேராகவே வைத்துவிட்டார். ஸ்காட்லாந்துக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்தான். ஆனாலும் இவர் எதையும் ஒளிக்கவில்லை. என்ன சேர்த்தாய் என்பது ருசி சம்பந்தப்பட்டது. சேர்த்ததைச் சொன்னாயா என்பதுதான் நாணயம்.

போனில் மாமாவுக்கு இதைச் சொன்னேன். லெட்ஜர் மனிதருக்கு உடனே புரிந்துவிட்டது.

"அதாவது, நோட்ஸ் டு அக்கவுன்ட்ஸ்ல காட்டிட்டான்ங்கறே. அப்ப பாஸ் பண்ணிடலாம்."

பின்னால் மாமியின் குரல் கேட்டது: "அந்த பாட்டில்ல ரெண்டு விரல்கடை குறைஞ்சிருக்கே, யாரு?"

மாமா குரலைத் தாழ்த்தி, "பெங்களூர் வெயில்... தேவதைங்க..." என்றார்.

மூடி போட்ட கண்ணாடி பாட்டிலிலிருந்து தேவதைகள் குடிப்பதில்லை என்று நான் மாமியிடம் சொல்லவில்லை. ஆடிட்டர் என்று ஒருவர் அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கிறார்.