வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் எங்கே?

புனே அருகே சாங்வியில் தவணையில் வாங்க முடியாத வீட்டுச் சாமான் இன்று அநேகமாக எதுவுமில்லை. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஆர்.ஓ. கருவியும் சொன்ன நாளில் வாசலில் வந்து இறங்குகின்றன. குழாய்த் தண்ணீர் மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது. பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சி 2019 நவம்பரில் தொடங்கிய முறை இது. ஊருக்குத் தண்ணீர் தரும் பவனா அணை நிரம்பி வழிந்த ஆண்டுகளிலும் விலக்கப்படவில்லை. இனியும் இதை நீட்டிப்பதற்கு நியாயமில்லை.

வீட்டுச் சாமான்களைப் பற்றிய தேசியக் கணக்குகள் ஒரு விசித்திரமான வரிசையைக் காட்டுகின்றன. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 31.6 சதவீத வீடுகளில் டிவி இருந்தது; 2011இல் அது 47.2 ஆனது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 68 சதவீதத்தை எட்டியது. அதே ஆய்வில் ஃபிரிட்ஜ் உள்ள வீடுகள் 38 சதவீதம்; வாஷிங் மெஷின் உள்ளவை வெறும் 18 சதவீதம். பெண்களின் கைவேலையைக் குறைக்கும் கருவிதான் கடைசியில் நிற்கிறது.

விலை மட்டும் இதற்குக் காரணமல்ல. டிவிக்கு ஒரு பிளக் போதும். வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் வேண்டும், குழாயில் அழுத்தம் வேண்டும், கழிவுநீர் போக வழியும் வேண்டும். தமிழ்நாட்டில் 2006இல் ஆட்சிக்கு வந்த அரசு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011இல் வந்த அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. ஓர் அரசு நினைத்தால் வீட்டுக்குள் எது முதலில் நுழைவது என்பதையே மாற்ற முடியும். ஆனால் தண்ணீரை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுக்க முடியாது. அதை நாள்தோறும் கொண்டுவர வேண்டியது உள்ளாட்சியின் வேலை.

அந்த வேலை நடக்காவிட்டால் மெஷின் மிச்சப்படுத்தும் நேரத்தைக் குழாயே தின்றுவிடும். தண்ணீர் வரும் நாளில் வீட்டில் யாராவது இருந்து டிரம்மையும் குடத்தையும் நிரப்பியாக வேண்டும். அந்த 'யாராவது' யார் என்பதைக் கேட்கத் தேவையில்லை. 2024 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். வாளியால் ஊற்றித் துவைக்கும் செமி ஆட்டோமேட்டிக் மெஷின்கள் இன்னும் விற்பதில் வியப்பில்லை.

எல்லாப் பகுதிக்கும் சமமாகப் பங்கிடவே இந்த முறை என்கிறது மாநகராட்சி. ஊர் பெருகிவிட்டது என்பதும் உண்மைதான். ஆனால் நிலத்தடித் தொட்டியும் மோட்டாரும் உள்ள அடுக்குமாடிகள் இரண்டு நாள் தண்ணீரைச் சேர்த்துக்கொள்கின்றன. போதாவிட்டால் டேங்கர் வாங்குகின்றன. ஒற்றை அறையில் இரண்டு டிரம் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. பெயரளவில்தான் இது சமப் பங்கீடு. முளா, பவனா ஆறுகள் சூழ்ந்த சாங்வியில் 2024 ஜூலையில் தாழ்வான வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஆற்றில் பெருகி வரும் தண்ணீர் குழாய்க்கு வந்து சேரவில்லை என்பதே பிரச்சினை.

புதிய குழாய்த் திட்டங்கள் பல ஆண்டுகளாக இழுபடுகின்றன. பவனாவிலிருந்து மூடிய குழாயில் தண்ணீர் கொண்டுவரும் திட்டம், 2011 ஆகஸ்ட் 9 அன்று அதை எதிர்த்துப் போராடிய மாவள் விவசாயிகள் மூவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தபின் நின்றுபோனது. அவர்கள் பாசனத்துக்கு எழுத்துபூர்வ உறுதி தராமல் அதை மீண்டும் தொடுவது அநீதி. பாமா ஆஸ்கேட் அணைத் தண்ணீரை விரைந்து கொண்டுவருவதும், பழைய குழாய்களின் கசிவை அடைப்பதும், முறைகேடான இணைப்புகளை நீக்குவதும் உடனே நடக்க வேண்டியவை.

தினசரி விநியோகம் எந்த வார்டுக்கு எந்தத் தேதியில் திரும்பும் என்று மாநகராட்சி அட்டவணை வெளியிட வேண்டும். அதுவரை, தண்ணீருக்கு உறுதி இல்லாத புதிய அடுக்குமாடிகளுக்குக் குடியேற்றச் சான்று வழங்கக் கூடாது. இருப்பவர்களுக்கே நாள்தோறும் தண்ணீர் தர முடியாத மாநகராட்சிக்குப் புதியவர்களிடம் அதை வாக்களிக்கும் உரிமை இல்லை.