எங்கள் பள்ளத்தாக்கு யாருக்கு பேட்டரி?

சோலூருக்குப் பக்கத்தில்தான் கிளன்மார்கன். பைக்காராத் தண்ணீர் அங்கிருந்து ராட்சதக் குழாய்களில் இறங்கி, மலையடியில் சிங்காரா மின்நிலையத்தை ஓட்டுகிறது. 1932இல் தொடங்கிய ஓட்டம். கோவை மில்கள் இந்தக் கரண்ட்டில்தான் பெருத்தன. "தண்ணி நம்மளது, வெளிச்சம் கீழ இருக்கிறவங்களுது" என்பார் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா. குறையாகச் சொல்லமாட்டார், கணக்குச் சொல்வதுபோலச் சொல்வார்.

அந்தக் கணக்கில் இப்போது இன்னொரு வரியை எழுதப் பார்க்கிறார்கள். அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

தமிழ்நாட்டின் சூரிய மின்சாரம் பெரும்பாலும் சமவெளியில் பிறக்கிறது. கமுதியில் 2016இல் கட்டி முடித்த பண்ணை மட்டும் சுமார் 2,500 ஏக்கர், 648 மெகாவாட். வெயில் சாய்ந்ததும் அது படுத்துவிடும். ஊரெல்லாம் விளக்குப் போடுவதோ அப்போதுதான். ஆகவே பகல் மின்சாரத்தை எங்காவது சேர்த்துவைத்தாக வேண்டும். உடனே எல்லோருடைய கண்ணும் நீலகிரி மேல் விழுகிறது. மிச்ச மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்றுத் திட்டங்கள் இங்கே வருகின்றன. குந்தாவில் 500 மெகாவாட் திட்டம். அதற்கு ஏற்கெனவே இருக்கிற நீர்த்தேக்கங்களே போதும். அதோடு நிறுத்தியிருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன். சில்லஹல்லாவில் 1,000 மெகாவாட்டுக்காகப் புதிதாக அணை கட்டவேண்டும் என்கிறார்கள். காரட்டும் உருளைக்கிழங்கும் தேயிலையும் விளையும் பூமி போய்விடும் என்று அங்குள்ள விவசாயிகள் எதிர்த்து நிற்கிறார்கள்.

"பசுமை மின்சாரம் வேணும்னு சொல்றதும் நீதான், தடுக்கறதும் நீதானா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. இந்த மலைக்குள் வெடி வைத்துச் சுரங்கம் தோண்டுவதற்குப் பசுமை என்று பெயர் வைத்தால் மழைக்கு அது புரியாது.

வேறு வழி இருக்கிறது. சத்தீஸ்கரில் ராஜ்நந்தகாவ் பக்கம் 100 மெகாவாட் சூரியப் பண்ணையோடு 120 மெகாவாட்-மணி பேட்டரியைச் சேர்த்தே அமைத்து, 2024இல் ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். 40 மெகாவாட்டை மூன்று மணி நேரம் தரும். மாலை நெருக்கடிக்கு அது பெரிய உதவி. நீரேற்று முறையில் போட்ட மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு திரும்பி வரும். லித்தியம் பேட்டரியில் அதைவிடக் கூடுதலாகவே வரும்.

பேட்டரியிலும் குறை உண்டு, மறைக்கமாட்டேன். ராத்திரி முழுக்கத் தாங்க வேண்டுமென்றால் செலவு ஏறும். அணை பல தலைமுறை நிற்கும். பேட்டரியைப் பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் பேட்டரி நிலையம் தீப்பிடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. அதனால் குடியிருப்புக்குத் தள்ளி, பெட்டிக்குப் பெட்டி இடைவெளி விட்டு வைக்க வேண்டும். ஆனால் கெட்டுப்போன பெட்டியைக் கழற்றி எடுத்துவிடலாம். மூழ்கிய பள்ளத்தாக்கை எப்படி எடுப்பது?

பேட்டரியைக் கமுதிப் பக்கம் தள்ளிவிட்டால் நம் பாடு முடிந்தது என்றும் நான் நினைக்கவில்லை. கர்நாடகத்தின் பாவகடாவில் விவசாயிகளின் நிலத்தை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய் என்று ஆரம்பித்தது. நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நிலத்தில் களையெடுத்துப் பிழைத்த, சொந்த நிலமில்லாத கூலிக்காரருக்கு எந்தக் குத்தகையும் வராது. அவருக்கும் வருமானத்தில் ஒரு பங்கு எழுதிவைக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். சில்லஹல்லாக் கோப்பை மூடுங்கள். சூரியப் பலகை நிற்கிற இடத்திலேயே பேட்டரியை வையுங்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு வருடா வருடம் பங்கு கொடுங்கள். தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. "வெயில் நம்மளது, வெளிச்சம் அவங்களுது" என்று கமுதியில் ஒரு தாத்தா நாளைக்குச் சொல்லும்படி ஆகிவிடக்கூடாது.