வலக்கையால் வாங்கு

"வலக்கையால் வாங்கு" என்று சொல்லிப் பிள்ளையை வளர்க்காத தமிழ் வீடு நம் நாட்டில் உண்டா? கோயிலில் திருநீறு, கடையில் மீதிச் சில்லறை, பக்கத்து வீட்டு மாக்சிக் நீட்டும் நோன்புப் பெருநாள் பலகாரம், எதுவானாலும் வலக்கைதான். மலாய்க்காரர்களிடமும் இதே மரியாதை இருப்பதால், வீட்டை விட்டு வெளியே போனாலும் இந்த விதி நம்மை விடுவதில்லை. சரி, அந்த வலக்கையின் உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பவே திரும்பாது என்றால் என்ன செய்வது?

எனக்குத் திரும்பாது. பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான். தோளுக்கு மேல் கை எழாது. முழங்கை முழுதாக நீளாது. இடக்கையைவிடச் சற்றுக் குட்டை. ஆனால் விரல்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. வாரா வாரம் இந்தப் பத்தியை இரண்டு கைகளாலும்தான் தட்டச்சு செய்கிறேன்.

எங்கள் வீட்டில் இதற்கு இருந்த பெயர் "சூம்பின கை". சொந்தக்காரர்கள் "கிரகணத்தன்று வெளியே போயிருப்பாள்" என்று அம்மாவைக் கைகாட்டினார்கள். இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பதே பல காலம் எங்களுக்குத் தெரியாது. பெயர் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு, அதே போன்ற இன்னொருவரை எப்படித் தேடுவது?

பெயர் இதுதான்: எர்ப்ஸ் பால்சி. ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் வில்ஹெல்ம் எர்ப் 1874-இல் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. கழுத்துப் பகுதியில் தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கிளம்பிப் பின்னலாகப் பின்னி, தோள், கை, விரல்கள் வரை போகின்றன. இந்தப் பின்னலை பிரேக்கியல் பிளெக்சஸ் என்பார்கள். பிரசவத்தின்போது தலை வெளியே வந்த பிறகு, குழந்தையின் தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்வது உண்டு. அப்போது கழுத்து ஒரு பக்கமாக இழுபட்டால் நரம்புகளும் இழுபடுகின்றன. சில சமயம் அறுந்தும் போகின்றன. மேலேயுள்ள இரண்டு வேர்கள் பாதிக்கப்பட்டால் தோளும் முழங்கையும் பலவீனமாகும், விரல்கள் தப்பிக்கும். ஐந்தும் பாதிக்கப்பட்டால் கை முழுவதும் செயலிழக்கலாம். இடக்கையைவிட வலக்கையில்தான் இது அதிகம்.

ஆயிரம் பிறப்புகளில் ஏறக்குறைய ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இது நேர்கிறது. தாய்க்கு நீரிழிவு இருந்து குழந்தை பருமனாக இருந்தால் வாய்ப்பு கூடும். ஆனால் பல பிரசவங்களில் முன்கூட்டியே சொல்லிவிட முடிவதில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில், சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். மீதிப் பேர் இந்தக் கையோடு வளர்கிறோம், படிக்கிறோம், வேலைக்குப் போகிறோம், பிள்ளை பெறுகிறோம்.

அப்படியானால் நம்மைப் போன்றவர்கள் ஒன்றும் அபூர்வப் பிறவிகள் அல்லர். இருந்தும் 31 வயது வரை நான் இன்னொருவரைச் சந்தித்ததில்லை. நாங்கள் எல்லாருமே கையை மறைப்பதில் கெட்டிக்காரர்கள் என்பது முக்கியக் காரணம். நீளக் கை சட்டை, புகைப்படத்தில் பக்கவாட்டில் நிற்பது, கைப்பையை வலக்கையில் மாட்டிக்கொள்வது என்று எத்தனையோ வழிகள்.

மறைப்பதில் எங்களுக்கெல்லாம் முன்னோடி ஒருவர் உண்டு. ஜெர்மனியின் கடைசிப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம். 1859-இல் கடினமான பிரசவத்தில் பிறந்தவர். இடக்கை செயலிழந்து, வளர்ந்தபோது மற்றக் கையைவிட ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் குட்டையாக நின்றுவிட்டது. அரண்மனை மருத்துவர்கள் அந்தக் கைக்கு மின்சாரம் பாய்ச்சினார்கள். அப்போதுதான் கொன்ற முயலின் சூடான உடலுக்குள் கையை வைத்தார்கள். நல்ல கையைக் கட்டிப்போட்டார்கள். எதுவும் பலிக்கவில்லை. அவருடைய படங்களைப் பாருங்கள். இடக்கை வாளின் பிடியில் இருக்கும், அல்லது கையுறையைப் பற்றியிருக்கும். மருத்துவர்கள், ஆசிரியர்கள், பணியாட்கள் என்று சுற்றிலும் ஒரு பட்டாளமே இருந்தும், பேரரசர் வாழ்நாள் முழுவதும் கையை மறைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு அந்த நிலை மாறியது ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில். தோள்வலிக்காகப் போயிருந்தேன். பெஞ்சில் பக்கத்தில் இருந்த தைப்பிங் அக்கா, என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நான் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்த விதத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"பொறந்ததிலேருந்தா, தங்கச்சி?"

"ஆமாக்கா."

"எனக்கும்தான்."

அவ்வளவுதான். விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விபத்தா, போலியோவா, மருந்து எண்ணெய் தடவிப் பார்த்தீர்களா என்ற கேள்விகள் இல்லை. அதன் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் வேலை விஷயம்: எந்த வேலையை எப்படிச் செய்வது என்பதுதான்.

தீர்த்தம் எப்படி வாங்குவது என்று அவர்தான் காட்டிக் கொடுத்தார். வலது முழங்கையை இடக்கையால் தாங்கி, உடம்பையும் சற்று வலப்பக்கம் சாய்த்தால் உள்ளங்கை கொஞ்சம் மேலே பார்க்கும். தீர்த்தம் சிந்தாது. பார்ப்பவர்களுக்கோ அது கூடுதல் பணிவாகத் தெரியும். பெரியவர்களுக்கு எதையாவது கொடுக்கும்போது வலது முழங்கையை இடக்கையால் தொட்டுக்கொள்வது நம் வழக்கம்தானே! "ஊரே என்னை மரியாதை தெரிஞ்ச பொண்ணுன்னு நெனச்சுக்கிட்டிருக்கு" என்று சிரித்தார்.

மகளுக்குப் பின்னல் போட முடியவில்லை என்றேன். "நிக்க வச்சுப் பின்னாதீங்க. நீங்க நாற்காலியில உட்காருங்க, அவளைக் கீழே உட்கார வையுங்க" என்றார். கை உயரத் தேவையில்லை, விரல்கள்தான் தேவை. விரல்கள் எனக்கு இருக்கின்றன. இதை எந்த மருத்துவரும் எனக்குச் சொன்னதில்லை. அவர்கள்மேல் குறையில்லை. அவர்களுக்கு நரம்பு தெரியும், தசை தெரியும். ஒற்றைக் கை உயராமல் ஏழு வயதுப் பிள்ளைக்குக் காலை ஆறு மணிக்குப் பின்னல் போடுவது எப்படி என்பது போட்டவருக்குத்தான் தெரியும்.

தோள்வலியைப் பற்றியும் அவரிடம்தான் நிம்மதி கிடைத்தது. வலித்தது என் நல்ல கை. அதனால் புதிதாக ஏதோ நோய் என்று பயந்திருந்தேன். "நமக்கு முப்பதுக்கு மேல அப்படித்தான். ரெண்டு கை வேலையை ஒரு கை செஞ்சா அது சும்மா இருக்குமா?" என்றார். பிசியோதெரபிஸ்டும் அதையே உறுதிப்படுத்தினார். பிறவியிலேயே நரம்பு பாதிக்கப்பட்ட பலருக்கு வயதாக வயதாக நல்ல கை, கழுத்து, முதுகு எல்லாம் வலிப்பது உண்டு. பளுவைக் குறைத்து, வேலை மேசையின் உயரத்தை மாற்றி, பயிற்சி செய்தால் சமாளிக்கலாம்.

வேலை தேடும் இளையோருக்கும் இப்படி ஒருவர் வேண்டும். நேர்முகத் தேர்வில் கைகுலுக்கும்போது எதிரில் இருப்பவரின் பார்வை ஒரு நொடி கையில் நிற்கும். அதற்கு என்ன சொல்வது? அக்காவின் பதில் மூன்றே வாக்கியம்: "பிறக்கும்போது நரம்பு இழுபட்டது. இந்த வேலைக்கு அது தடையில்லை. எதையாவது செய்து காட்ட வேண்டுமா?" நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின்கீழ் சமூகநலத் துறை தரும் ஓகேயூ அட்டைக்கு விண்ணப்பிக்கலாமா, கூடாதா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. பதிவு செய்வது கட்டாயமில்லை. மருத்துவர் சான்றளிக்க வேண்டும். அட்டை வாங்கிய ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினால் அந்தத் தயக்கம் ஒரு முடிவுக்கு வரும்.

கையோடு பிறந்தவருக்கு மட்டுமல்ல, பெற்றவருக்கும் இந்தத் துணை தேவை. அக்காவின் அம்மாவையும் என் அம்மாவையும் ஒருநாள் தொலைபேசியில் பேச வைத்தோம். இரண்டு பேருமே அறுபதைத் தாண்டியவர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். பிரசவ அறையில் நடந்ததை, என்னிடம் ஒருநாளும் சொல்லாத விவரங்களை எல்லாம், முன்பின் பார்த்திராத அந்த அம்மாவிடம் என் அம்மா சொன்னார். தொலைபேசியை வைத்துவிட்டு, "அவங்களையும் கிரகணம்னுதான் சொன்னாங்களாம்" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மனத்தில் சுமந்த பழியை அன்றுதான் கொஞ்சம் இறக்கி வைத்தார் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அனுபவத் துணை மருத்துவத்துக்கு மாற்று ஆகாது. ஒருவரின் கையைப் போல இன்னொருவரின் கை இருக்காது. எந்த வேர், எவ்வளவு சேதம் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். குழந்தை பிறந்த உடனே ஒரு கை அசையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மாதமாகியும் முழங்கையை மடக்கவில்லை என்றால், நரம்பு அறுவை சிகிச்சை தேவையா என்று சிறப்பு மருத்துவரிடம் கேட்க வேண்டிய நேரம் அது. அந்தச் சிகிச்சை பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் செய்யப்படுவது. "என் பிள்ளைக்குத் தானாகவே சரியாயிடுச்சு, நீங்களும் காத்திருங்க" என்று ஒருவர் அன்போடு சொன்னாலும் காத்திருக்காதீர்கள். எண்ணெய் தேய்த்து உருவி இழுப்பதும் வேண்டாம். குழந்தையைக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். சட்டை போடும்போது பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியில் கழற்றுங்கள்.

துணையை எங்கே தேடுவது? பிரிட்டனில் எர்ப்ஸ் பால்சி குரூப், அமெரிக்காவில் யுனைட்டட் பிரேக்கியல் பிளெக்சஸ் நெட்வொர்க் போன்ற அமைப்புகள் இத்தகைய குடும்பங்களை ஒன்றோடொன்று இணைக்கின்றன. இங்கே நீங்கள் தொடங்க வேண்டிய இடம், உங்கள் பிள்ளை போகும் பிசியோதெரபி அல்லது ஆக்குபேஷனல் தெரபி பிரிவு. மற்ற நோயாளிகளின் எண்ணை அவர்கள் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஆனால் உங்கள் எண்ணைக் கொடுத்து, "எங்களைப் போல யாராவது பேச விரும்பினால் இதைக் கொடுங்கள்" என்று சொல்லி வைக்கலாம். எங்கள் புலனக் குழு அப்படித்தான் உருவானது. இப்போது பதினோரு குடும்பங்கள் இருக்கிறோம். ஒரு சீனத் தாயும் இரண்டு மலாய்க் குடும்பங்களும் அதில் உண்டு.

பெரியவர்களாகிவிட்ட எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு இனி யாரும் தேவையில்லை என்று தோன்றலாம். வேலை, குடும்பம் எல்லாம் அமைந்துவிட்டது, கையை மறைக்கவும் பழகிவிட்டது. இருந்தாலும் உங்கள் எண்ணை ஓர் இடத்தில் கொடுத்து வையுங்கள். இந்த வாரம் எங்கோ ஒரு மருத்துவமனையில், அசையாத பிஞ்சுக் கையைப் பார்த்தபடி ஓர் இளம் தாய் உட்கார்ந்திருப்பார். இந்தப் பிள்ளை நாளைக்குச் சோறு அள்ளிச் சாப்பிடுமா, சைக்கிள் ஓட்டுமா, கல்யாணம் ஆகுமா என்று அவருக்கு ஆயிரம் கேள்விகள் இருக்கும். அதற்கெல்லாம் உங்களிடம் பதில் இருக்கிறது.