பங்கு விலை ஏறினால் நிர்வாகம் திருந்திவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிலிப்ஸ் நிறுவனத்தின் நிர்வாகம் சீராகிவிட்டது என்று தங்கள் இதழின் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். என்னால் ஏற்க முடியவில்லை. தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமல் இருக்க, வேறொரு நிறுவனத்தின் சிபாப் கருவியை மாட்டிக்கொண்டு பல ஆண்டுகளாகத் தூங்குகிறவன் நான். மூக்கின் மேல் மாஸ்க். அதிலிருந்து தலைமாட்டு ஸ்டூலில் இருக்கும் பெட்டி வரை ஒரு குழாய். விடியும் வரை அந்தப் பெட்டி தள்ளுகிற காற்றுதான் என் நெஞ்சுக்குள் போகிறது. அதனால் இது எனக்கு வெறும் சந்தைச் செய்தி அல்ல.

பிலிப்ஸின் சிபாப் கருவிகளில் சத்தத்தைக் குறைக்க உள்ளே ஒரு ஸ்பாஞ்சு வைத்திருந்தார்கள். அது நாளடைவில் உதிர்ந்து, கறுப்புத் துகளாகக் காற்றோடு கலந்து வந்தது. 2021 ஜூனில்தான் கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். உலகெங்கும் ஐம்பது லட்சத்துக்கும் மேல். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் ஸ்பாஞ்சு இன்னும் சீக்கிரம் கெடும் என்று நிறுவனமே சொன்னது. சென்னைப் புழுக்கத்தில் இதை வைத்துப் படுத்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

புகார்களோ பல ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டன. 11 ஆண்டுகளில் வந்த 3,700-க்கும் அதிகமான புகார்கள் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்குப் போகாமல் முடங்கிக் கிடந்ததை 2023-இல் புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனமும் பிட்ஸ்பர்க் போஸ்ட் கெஸட் நாளிதழும் வெளியே கொண்டுவந்தன. 2024 ஜனவரியில் உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்ட கணக்கின்படி, இந்த ஸ்பாஞ்சு பற்றி அதற்கு வந்த அறிக்கைகள் 1,16,000-க்கும் மேல். அவற்றில் 561 மரணங்கள் குறிப்பிடப்பட்டிருந்தன. ஸ்பாஞ்சுதான் காரணம் என்று அறிக்கையை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு எச்சரிக்கை ஏன் அத்தனை தாமதமாகப் போனது?

2022 அக்டோபரில் ராய் ஜேக்கப்ஸ் தலைமைக்கு வந்ததைப் புது யுகம்போல் எழுதியிருக்கிறீர்கள். சுவாசக் கருவிகளும் அடங்கிய பிரிவை 2020 முதல் நடத்தியவரே அவர்தான். நோயாளிப் பாதுகாப்புக்கென்று ஒரு தலைமை அதிகாரியை உயர்நிலைக் குழுவில் அமர்த்தினார். அது நல்ல காரியம். அதே சமயம் சில மாத இடைவெளியில் இரண்டு தவணையாகப் பத்தாயிரம் வேலைகளைக் குறைப்பதாகவும் அறிவித்தார். 2023 நவம்பரில், பழைய கருவிக்கு அடுத்துச் சந்தைக்கு வந்த ட்ரீம்ஸ்டேஷன் 2 சூடேறிப் புகைவதாக 270-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்து, அமெரிக்க அரசு எச்சரிக்க வேண்டியதாயிற்று. படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் கருவி அது!

2024 ஏப்ரலில், வழக்குத் தொடுத்தவர்களுக்கு 110 கோடி டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது, தவற்றை ஒப்புக்கொள்ளாமலே. அன்று ஒரே நாளில் பங்கு விலை கால் பங்குக்கு மேல் ஏறியது. தங்கள் கட்டுரையின் பெரிய ஆதாரமே இந்த ஏற்றம்தான். வழக்குச் செலவுக்கு ஒரு வரம்பு தெரிந்துவிட்டது என்ற முதலீட்டாளர்களின் நிம்மதி அது. நோயாளிக்கு அதில் என்ன இருக்கிறது?

இந்த நிறுவனத்தைப் பற்றி மறுபடி எழுதும்போது லாபக் கணக்கோடு இன்னொரு கணக்கையும் கேட்டுப் போடுங்கள்: ஒரு நோயாளியின் புகார் வந்து சேர்ந்த நாளிலிருந்து அரசின் மேஜைக்குப் போக இப்போது எத்தனை நாள் ஆகிறது?

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்